டாட்சன் 240இசட்: அசல் பாகம் எது, அது எந்த மாதத்துக் காருக்கு அசல்?

240இசட் காருக்காக நான் முதலில் வாங்கியது ஒரு ஜோடி கார்புரேட்டர். 1970 காரிலிருந்து கழற்றியது, இரண்டுமே ஒரிஜினல் ஹிட்டாச்சி என்று விற்றவர் சொன்னார். படங்களிலும் நன்றாக இருந்தன. பெட்டியைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒன்றின் மேல் குமிழை மூன்று திருகுகள் பிடித்திருந்தன, இன்னொன்றை நான்கு. மூன்று திருகு உள்ளது 1970, 71 கார்களில் வந்தது. நான்கு திருகு உள்ளது 1972க்கு உரியது. இரண்டும் ஹிட்டாச்சி செய்தவை, இரண்டும் இந்தக் காருக்கென்றே செய்தவை. ஆனால் ஜோடி இல்லை. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் “இது எந்த மாதத்துக் காருக்கு ஒரிஜினல்?” என்றுதான் கேட்டுப் பழகினேன். பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சேகரிக்கவோ சீர்படுத்தவோ புதிதாக இறங்குபவருக்கு இந்த ஒரு கேள்வி பிடிபட்டால் பாதிப் பணம் மிச்சம். 240இசட்டை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். நான் கைவைத்துப் பழகியது அந்தக் கார்தான்.

முதலில் காரின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிசான் இந்தக் காரை 1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. வெளிநாடுகளில் அதுவே டாட்சன் 240இசட். உடல் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு வேறு. ஜப்பானியச் சந்தைக்கு 2 லிட்டர் எல்20 என்ஜின், சேஸிஸ் நம்பர் எஸ்30 என்று தொடங்கும். அமெரிக்காவுக்குப் போன இடப்பக்க ஸ்டியரிங் காரில் 2,393 சிசி எல்24 என்ஜின், நம்பர் எச்எல்எஸ்30 என்று தொடங்கும். அதே எல்24 உள்ள வலப்பக்க ஸ்டியரிங் கார் எச்எஸ்30. இவற்றுக்கெல்லாம் மேலே இசட்432 என்று ஒன்று உண்டு. அதன் எண் பிஎஸ்30. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட் என்பதால் 432. ஏறத்தாழ 420 கார்களே செய்தார்கள்.

பிறகு 1974ல் 260இசட், 1975 முதல் வட அமெரிக்காவில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு 280இசட், 1978ல் அந்த உடல் முடிவுக்கு வந்தது. இந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருங்கள். ஏனென்றால் 240இசட்டில் தவறாக உட்கார்ந்திருக்கும் பாகங்களில் பெரும்பாலானவை கள்ளப் பாகங்கள் அல்ல. அண்ணன் தம்பி கார்களிலிருந்து வந்தவை. போல்ட் துளைகள் பொருந்திவிடும், கார் ஓடும், ஐம்பது வருடத்தில் யார் எப்போது மாற்றினார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

உங்கள் காரைப் படியுங்கள்

பாகம் தேடப் போவதற்கு முன்பு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு காரிடம் போங்கள். ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

என்ஜின் அறையின் பின்சுவரில் சேஸிஸ் நம்பர் நேரடியாகத் தகட்டிலேயே குத்தப்பட்டிருக்கும். இதுதான் தாய் ஆவணம். எழுத்துகளின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, சுற்றிலும் சாணை பிடித்த தடமோ வெல்டிங் கோடோ இருக்கிறதா என்று சாய்வாக விளக்கு அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

அமெரிக்கக் காராக இருந்தால் டேஷ்போர்டின் இடது ஓரத்தில், கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே படிக்கும்படி அதே நம்பர் ஒரு சிறு தகட்டில் இருக்கும். என்ஜின் அறைக்குள் இன்னொரு தகடு. அதில் சேஸிஸ் நம்பரோடு என்ஜின் நம்பரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் இருக்கும் தகடு தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் சொல்லும். நமக்கு மிக முக்கியமானது இந்த மாதம்தான்.

அப்புறம் என்ஜின். என்ஜினின் அடி உடலான பிளாக்கின் வலப்பக்கம், மேல்மூடியான சிலிண்டர் ஹெட் உட்காரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே, பின்பக்கமாக எல்24 என்று தொடங்கும் நம்பர் குத்தியிருக்கும். அது தகட்டில் இருப்பதோடு ஒத்துப்போனால் காரின் பிறப்பு என்ஜின் இன்னும் காரிலேயே இருக்கிறது என்று பொருள். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாக அப்பியிருக்கும். கம்பி பிரஷ் போடாதீர்கள். டீசலில் நனைத்த துணியும் பொறுமையும் போதும்.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம் ஒன்று: பதிவுச் சான்றிதழில் இருக்கும் வருடத்தை நம்புவது. அமெரிக்காவில் பல கார்கள் விற்ற வருடத்தில் பதிவாயின. ஜப்பானியத் தாள்களில் முதல் பதிவு, பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் ஷோவா ஆண்டில் இருக்கும். ஷோவா எண்ணோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், ஷோவா 46 என்றால் 1971. அதுவும் பதிவான நாள்தான், தயாரித்த நாள் அல்ல. இன்னொன்று, 17 எழுத்துகள் கொண்ட சேஸிஸ் நம்பர் முறை அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயமானது. 240இசட்டுக்கு 17 எழுத்து நம்பரை யாராவது காட்டினால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

அசல் என்ற சொல்லுக்குள் மூன்று பொருள்

கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே அதில் இருந்த பாகம் ஒன்று. அதே காலத்தில் செய்த அதே வகைப் பாகம், ஆனால் வேறொரு காரிலிருந்தோ கடை அலமாரியிலிருந்தோ வந்தது, இரண்டாவது. பல வருடம் கழித்து நிசானே மாற்றுப் பாகமாகச் செய்து தன் பெட்டியில் விற்றது மூன்றாவது. மூன்றையும் விற்பவர்கள் ஒரிஜினல் என்றே சொல்வார்கள், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

காரை ஓட்டி மகிழ விரும்புபவருக்கு மூன்றாவது வகையே தாராளமாகப் போதும். பிரேக், ரப்பர், எரிபொருள் குழாய் போன்றவற்றில் பழையதைத் தேடுவதே தவறு என்பது என் உறுதியான கருத்து. ஐம்பது வருட ரப்பர் எவ்வளவு அசலாக இருந்தாலும் உயிரைக் காக்காது. முதல் இரண்டு வகையைத் தேட வேண்டியது உலோக வார்ப்புகள், கண்ணாடி, மீட்டர்கள், சின்னங்கள், உள்ளலங்காரம் ஆகியவற்றில்.

இது வெறும் சேகரிப்பாளர் பைத்தியம் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 1970ல் இந்தக் காரின் அறிவிப்பு விலை 3,526 டாலர். 2020 ஜனவரியில் ஒரு 1971 கார் ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. ஒரு பொம்மைக் கார் நிறுவனம் மாதிரி செய்வதற்காக வாங்கி வைத்திருந்த, 22,000 மைல்கூட ஓடாத கார் அது. ஆரம்பத்தில் வந்த பாகங்கள் அப்படியே இருந்ததற்குத்தான் அந்த விலை.

பாக எண்ணை வாசிக்கப் பழகுங்கள்

நிசான் பாக எண் பத்து இலக்கம்: ஐந்து, நடுவில் ஒரு கோடு, மறுபடி ஐந்து. முதல் ஐந்து அது என்ன பொருள் என்று சொல்லும். 15208 என்றால் ஆயில் ஃபில்டர், 21010 என்றால் வாட்டர் பம்ப், 63100 என்றால் வலது முன் மட்கார்டு, 26550 என்றால் வலது பின்விளக்கு. இந்த முறையை நிசான் இன்றுவரை மாற்றவில்லை. இன்று தெருவில் ஓடும் நிசான் காரின் ஆயில் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள், அதே 15208.

பின் ஐந்து எந்தக் காருக்கு, எந்த வகை என்று சொல்லும். 240இசட் பாகங்களில் அடிக்கடி வருவது ஆங்கில இ எழுத்தும் 41ம். இ46, இ88 என்று தொடங்குபவையும் உண்டு. ஆங்கில ‘என்’ எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் பின்னால் வந்த 260, 280 கார்களின் காலம். இது இறுதித் தீர்ப்பு இல்லை, முதல் சல்லடை. ஏனென்றால் நிசான் ஒரு பாகத்தைத் திருத்தும்போது பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புதிய எண்ணைக் கொடுக்கும். 1971 காருக்கு ஆர்டர் செய்தால் 1976 எண் போட்ட பெட்டி வரும். பொருந்தும். ஆனால் வடிவம் சற்று மாறியிருக்கும்.

இதற்காகத்தான் பழைய பாகப் பட்டியல் தேவை. மைக்ரோஃபிஷ் என்ற, பக்கங்களைச் சிறிதாக்கிப் பதித்த படத்தாளாக வந்தது இப்போது ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அல்லது எந்தச் சேஸிஸ் நம்பரிலிருந்து என்ற குறிப்பு இருக்கும். கதவு நிலையில் பார்த்த மாதத்தை இதோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க இதற்குக் கொடுத்தால் அடுத்த பத்து வருடத்துக்கு உதவும். அமெரிக்கப் பட்டியலும் ஜப்பானியப் பட்டியலும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் கார் எந்த நாட்டுக்குச் செய்ததோ அந்தப் பட்டியல்.

என்ஜின் அறையில்

சிலிண்டர் ஹெட்டிலிருந்து தொடங்குவோம். ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கம், ஹெட்டின் வார்ப்பிலேயே ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆரம்ப கார்களில் இ31. பிறகு வந்தவற்றில் இ88. என்42, என்47 என்றிருந்தால் 280இசட் காலத்து ஹெட். பி90 என்றிருந்தால் அதற்கும் பிந்திய 280இசட்எக்ஸ். இ31 ஹெட் இறுக்கமான எரிப்பறை கொண்டது என்பதால் கார் பந்தயக்காரர்கள் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். அதனாலேயே இன்று அரிது. ஒரு எச்சரிக்கை: இ88 என்ற ஒரே எண்ணில்கூட எரிப்பறை வடிவம் மாறிய ஹெட்கள் உண்டு. ஆரம்ப இ88 பார்க்க இ31 போலவே இருக்கும். எனவே கழற்றிய ஹெட்டை வாங்கும்போது எண்ணை மட்டும் படம் கேட்காதீர்கள், திருப்பிப் போட்டு அறையையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.

கார்புரேட்டர் கதையைத் தொடக்கத்திலேயே சொன்னேன். அதன் மிச்சம் இது. 1973ல் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஹிட்டாச்சி உருண்டைக் குமிழை விட்டுவிட்டுத் தட்டையான மேல்பாகம் கொண்ட கார்புரேட்டரைக் கொடுத்தது. வெயிலில் என்ஜின் சூடானால் அது திணறும். சொந்தக்காரர்கள் கழற்றி வீசிவிட்டு 1972ன் உருண்டைக் குமிழை வாங்கி மாட்டினார்கள். விளைவு, இன்று 1973 கார் ஒன்றைப் பிறந்த கோலத்துக்குக் கொண்டுவர நினைப்பவர், அன்று யாருக்கும் வேண்டாமல் குப்பைக்குப் போன அந்தத் தட்டைக் கார்புரேட்டரையே தேடி அலைய வேண்டியிருக்கிறது. யாரோ ஒருவர் தன் ஷெட்டில் பழைய பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே வைத்திருப்பார். கேட்டுப் பாருங்கள், தயங்காதீர்கள்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் சோப்புக்கட்டி போல ஒரு சிறு பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் அது 280இசட்எக்ஸிலிருந்து வந்த மின்னணு வகை. அசல் 240இசட்டில் காண்டாக்ட் பாயின்ட் வகைதான். ஆல்டர்னேட்டரும் அப்படியே. அசலில் வோல்டேஜ் ரெகுலேட்டர் தனியாக இருக்கும். அது உள்ளேயே அடங்கியிருந்தால் பிந்திய காரின் ஆல்டர்னேட்டர். இவை இரண்டும் நல்ல மாற்றங்கள், காரை நம்பி ஓட்ட உதவுபவை. எனவே முந்தைய சொந்தக்காரரைத் திட்ட வேண்டாம். பழைய பாகத்தை அவர் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

முன் பிரேக்கில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் அசல் சுமிட்டோமோ எஸ்16, இரண்டு பிஸ்டன் உடையது. வார்ப்பில் எஸ்12டபிள்யூ என்றோ, எஸ்12, கூட்டல் குறி, 8 என்றோ பார்த்தால் அது டொயோட்டா வண்டியின் நான்கு பிஸ்டன் காலிப்பர். நன்றாகப் பிரேக் பிடிக்கும் என்பதற்காகப் பலரும் செய்த மாற்றம்.

கியர்பாக்ஸுக்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போன 240இசட் மேனுவல் கார்கள் எல்லாம் நான்கு கியர். ஐந்து கியர் இருந்தால் பின்னால் மாட்டியது. ஜப்பான், பிரிட்டன் கார்களில் ஐந்து கியர் பிறப்பிலேயே உண்டு. ஆரம்ப கியர்பாக்ஸில் கிளட்சை மூடும் முன்கூடு தனித் துண்டாக போல்ட்டால் பிடித்திருக்கும். 1972 மாடலிலிருந்து வந்தவற்றில் அது கியர்பாக்ஸ் உடலோடு ஒன்றாக வார்த்தது. ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் ஆர்180, ஆர்200 என்று இரண்டு உண்டு. அந்த எண் ரிங் கியரின் விட்டம், மில்லிமீட்டரில். 240இசட்டுக்கு உரியது ஆர்180.

நட்டு, போல்ட்டு, திருகு

இந்தப் பகுதியைப் பலர் தாண்டிவிடுவார்கள். எனக்கோ மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் போல்ட்டை யாரும் போலி செய்வதில்லை.

ஜப்பானியக் கார்களில் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலைக்கு 12 ஸ்பேனர் போட வேண்டும். ஐரோப்பிய வழக்கில் அதே போல்ட்டுக்கு 13 ஸ்பேனர். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானில் 14, ஜெர்மானியப் பழைய வழக்கில் 17. ஆக ஒரு 240இசட்டில் எந்த இடத்திலாவது 13 ஸ்பேனர் சரியாக உட்கார்ந்தால், அங்கே யாரோ கைவைத்திருக்கிறார்கள். முன் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் இரண்டு 13 என்றால் மட்கார்டு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. அப்போது மட்கார்டே வேறா என்று அடுத்த கேள்வி எழும்.

போல்ட் தலையில் 4, 7, 9 என்று தனி எண் பதிந்திருப்பதைக் காணலாம். அது வலிமைக் குறி. 8.8, 10.9 என்று புள்ளி வைத்த எண் இருந்தால் அது பிந்திய கால சர்வதேச அளவுமுறை. கூட்டல் குறித் திருகுகளின் தலையில் ஊசியால் குத்தியது போல ஒரு சிறு புள்ளி இருக்கிறதா பாருங்கள். அக்கால ஜப்பானியத் திருகுகளில் அது வழக்கம். அவற்றைக் கழற்ற ஜப்பானிய அளவுத் திருப்புளி வாங்குவது அவசியம். சாதாரணத் திருப்புளி மேலே ஏறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். கார்புரேட்டர் திருகுகளில் இந்தத் தவறை நான் செய்து, ஒரு திருகைத் துளையிட்டு எடுக்க ஒரு முழு மாலை ஆனது.

முலாமும் பேசும். பானட் கீல், பிரேக் பூஸ்டர், பல தாங்கிகள் எல்லாம் மஞ்சளும் லேசான வானவில் நிறமும் கலந்த துத்தநாக முலாம் பூசியவை. கறுப்புப் பெயின்ட் அடித்து மூடியிருந்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் அந்த மஞ்சள் இருந்தால் நல்ல சகுனம்.

உடலும் உள்ளும்

தயாரிப்பின் முதல் கட்டக் கார்களை, அதாவது 1969 முடிவிலிருந்து 1971 தொடக்கம் வரை வந்தவற்றை, முதல் சீரிஸ் என்பார்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பின்கதவில் கண்ணாடிக்குக் கீழே இரண்டு காற்றுத் திறப்புகள் இருக்கும். கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் 240இசட் என்ற எழுத்துச் சின்னம் இருக்கும். அடுத்த கட்டத்தில் பின்கதவுத் திறப்புகள் போய், தூணில் வட்டமான இசட் சின்னத்தோடு காற்றுத் திறப்பு வந்தது. பின்கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கோடுகள் ஆரம்ப கார்களில் மேலிருந்து கீழாக ஓடும். பின்னால் வந்தவற்றில் இடமிருந்து வலமாக. செங்குத்துக் கோடுள்ள கண்ணாடி இன்று கிடைப்பது கஷ்டம். உங்கள் காரில் இருந்தால் பின்கதவை அறைந்து சாத்தாதீர்கள்.

இங்கே ஒரு சோதனை. தூணில் வட்டச் சின்னம், பின்கதவிலோ இரண்டு திறப்புகள் என்று கலந்து இருந்தால், பின்கதவு வேறொரு காருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்னாலிருந்து இடி வாங்கிய காராக இருக்கலாம். விளக்கைச் சாய்த்துப் பிடித்து உடலின் பின்பகுதியில் வெல்டிங்கைத் தேடுங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் என்றால் ஒரே இடைவெளியில் சிறு வட்டக் குழிகள். டிங்கரிங் கடையில் ஒட்டியது என்றால் மேடாகவோ, சாணை பிடித்து மழுங்கியோ இருக்கும்.

விளக்குகளின் லென்ஸ் விளிம்பில் தயாரித்தவர் பெயர் வார்த்திருக்கும். இச்சிகோ நிறுவனத்தின் குறி ஐகேஐ என்ற மூன்று எழுத்து. கொய்ட்டோ, ஸ்டான்லி தங்கள் பெயரையே போடும். மீட்டர்களைச் செய்து கொடுத்தது கான்டோ செய்கி. குறியே இல்லாத லென்ஸ் என்றால் புதிய மாற்று வகை என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியிலும் சில பாகங்களிலும் ஜப்பானியத் தொழில் தரக்குறி இருக்கும். வட்டத்துக்குள் எழுத்துகள் பின்னியது போன்ற அந்தப் பழைய குறியை 2005ல் மாற்றத் தொடங்கி 2008ல் முழுதாக விட்டார்கள். எனவே பழைய குறி இருந்தால் 2008க்கு முந்தையது என்று மட்டும் நிச்சயம். 1970 என்று அதனாலேயே சொல்லிவிட முடியாது. சீட் பெல்ட்டின் துணிச்சீட்டில் தயாரித்த வருடம் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டேஷ்போர்டு இந்தக் காரின் பலவீனம். வெயிலில் மேற்பரப்பு வெடித்துவிடும். வெடிப்பை மறைக்க மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டுவார்கள், அது பார்க்க அசலைப் போலவே இருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். அசல் சற்று மெத்தென்று உள்வாங்கும். மூடி என்றால் கடினமாக இருக்கும், நகத்தால் தட்டினால் டொக் என்று ஒலிக்கும். ஓரத்தில் இரட்டை விளிம்பும் தெரியும். கியர் மேட்டின் மேல் விரித்திருக்கும் வைரக்கட்டம் போட்ட வினைலை, அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டோடு கட்டத்துக்குக் கட்டம் அளந்து ஒப்பிடுங்கள். மாற்று வினைலில் கட்டத்தின் அளவும் மேட்டின் உயரமும் பல சமயம் சற்று மாறும்.

மிக அரியவற்றில் கைவைக்கும் முன்

இசட்432ன் எஸ்20 என்ஜின், 1,989 சிசி, 160 குதிரைத்திறன், மூன்று மிக்குனி 40 கார்புரேட்டர்கள். இதே என்ஜின் நிசானின் அன்றைய ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்களிலும் இருந்தது. 1973ல் 197 மட்டுமே வந்த ஜிடி-ஆர் உட்பட. எனவே எஸ்20 பாகம் என்று விற்பனைக்கு வந்தால் அது 432க்கு உரியதா, ஸ்கைலைனுக்கு உரியதா என்று தனியாக உறுதி செய்ய வேண்டும். எஸ்20 பொருத்திய கார் என்பதும் 432 என்பதும் ஒன்றல்ல. பின்சுவரில் பிஎஸ்30 என்று குத்தியிருக்க வேண்டும். அது இல்லாமல் 432 இல்லை.

1971ல் ஜப்பானில் வந்த 240இசட்ஜியின் நீண்ட மூக்கும் சக்கரத்துக்கு மேல் அகன்ற விளிம்புகளும் ஃபைபரில் செய்தவை. அதைப் பார்த்து ஆசைப்பட்டுப் பிற்காலத்தில் எத்தனையோ சாதாரணக் கார்களுக்கு அதே வடிவத்தை மாட்டினார்கள். வடிவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, தாளையும் தகட்டையும் வைத்துத்தான். பந்தயப் பாகங்களும் அப்படியே. 1971ல் எட்கர் ஹெர்மனும் 1973ல் சேகர் மேத்தாவும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 240இசட்டில் வென்றார்கள். நம்மூர்ப் பெயர் கொண்ட ஒருவர் அந்தக் கரடுமுரடான பாதையில் இந்தக் காரை ஓட்டி ஜெயித்தார் என்று முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பைத்தான் சிலர் விலையாக்குகிறார்கள். ராலிக் காரிலிருந்து வந்த விளக்கு, இருக்கை என்று யாராவது சொன்னால், அந்தக் காலப் படத்தில் அதே பாகம் தெரிகிறதா, கைமாறிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் சாதாரணப் பழைய பாகத்தின் விலையை மட்டும் கொடுங்கள்.

ஜப்பானிய ஏலத்தில் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

நல்ல பாகங்கள் இன்றும் அதிகம் வருவது ஜப்பானிலிருந்துதான். இணையத்தில் தானியங்கி மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரிஜினல் என்று குழப்பிவிடும். மூலச் சொல்லைப் பார்க்கப் பழகுங்கள். ஜுன்செய் என்றால் உற்பத்தியாளரின் பாகம், ஆனால் எந்தக் காலத்தியது என்று சொல்லாது. தோஜிமோனோ என்றால் அந்தக் காலத்துப் பொருள். அது வெளி நிறுவனம் செய்த அலங்காரப் பாகமாகவும் இருக்கலாம். ஷாகாய்ஹின் வெளி நிறுவனப் பாகம். ஃபுக்கோக்கு என்பது பழைய வடிவில் புதிதாகச் செய்தது. மிஷியோ என்றால் பயன்படுத்தாதது, சூக்கோ பயன்படுத்தியது. கென்ஜோ, ஜங்க் என்ற இரண்டையும் பார்த்தால், உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்க மாட்டோம் என்று அர்த்தம். ஜுன்செய், தோஜிமோனோ இரண்டும் சேர்ந்து வந்தால் பெட்டியைக் கூர்ந்து பாருங்கள்.

விற்பவரிடம் நான் எப்போதும் கேட்பது ஐந்து படங்கள்: முன்பக்கம், பின்பக்கம், எண் இருக்கும் இடம், போல்ட் துளைகள், அளவுகோலை அருகில் வைத்து ஒன்று. பின்பக்கப் படத்தைத் தர மறுப்பவரிடம் வாங்குவதில்லை. பளபளவென்று தேய்த்த பாகத்தைவிட அழுக்கான பாகமே எனக்கு வேண்டும். அழுக்கில் எண் பத்திரமாக இருக்கும், பஃபிங் சக்கரம் எண்ணைத் தின்றுவிடும். ஃபைபரும் பட்டியும் எங்கே இருக்கின்றன என்று பார்க்க ஒரு சிறு காந்தம் சட்டைப்பையில் இருக்கட்டும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள், பெயின்டில் கீறல் விழாது.

கையில் வந்த பிறகு

பாகம் வீட்டுக்கு வந்ததும் கழுவுவதற்கு முன்பு, வந்த கோலத்திலேயே எல்லாப் பக்கமும் படமெடுங்கள். பிறகு முலாமுக்கோ மணல் வீச்சுக்கோ அனுப்புவதானால் எண்கள், தயாரிப்பாளர் குறிகள், பெயின்ட் தடங்கள் எல்லாவற்றையும் அருகிலிருந்து இன்னொரு முறை. மணல் வீச்சுக்குக் கொடுக்கும்போது எண் உள்ள இடத்தின் மேல் கெட்டியான டேப் ஒட்டிக் கொடுங்கள், கடைக்காரரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

காரிலிருந்து கழற்றிய பழைய பாகம், அது உடைந்ததாக இருந்தாலும், வீசாதீர்கள். ஒரு பையில் போட்டு, சேஸிஸ் நம்பர், காரின் மாதம், கழற்றிய தேதி, எந்தப் பக்கம் என்று துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனா மை எண்ணெய் பட்டால் கரைந்துவிடும். என் அலமாரியில் அந்த நான்கு திருகு கார்புரேட்டரும் அப்படித்தான் இருக்கிறது, 1972 கார் வைத்திருக்கும் யாராவது ஒருவர் அதன் ஜோடியோடு வரட்டும் என்று.